‘இழுவை’ எனும் தீர்ப்பு

பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் நான்கு திரைப்படங்களுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. ‘நல்ல படம்’, ‘மொக்கை’, ‘ஒருக்காப் பாக்கலாம்’, ‘சரியான இழுவை’ என்பனவே இத்தீர்ப்புகளின் சொற்களஞ்சியம். படத்தை எடுத்து முடிக்க ஈராண்டுகள் சென்றிருக்கலாம். எடுத்தவர் காணியை ஈடு வைத்திருக்கவும் கூடும். தீர்ப்பு ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஏன் அவ்வாறு தோன்றியது என எவரேனும் வினவின், வினவியவரே சபை வழக்கு அறியாதவராகக் கொள்ளப்படுகின்றார். ‘அது என்ரை அபிப்பிராயம்’ என்ற பதிலுடன் பேச்சு கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடுகின்றது.

இக்கட்டுரையின் எதிர்ப்பு அந்தப் பதிலைக் குறித்ததேயன்றிப் படம் பார்த்தலையோ படத்தைப் பற்றிப் பேசுதலையோ குறித்ததன்று.

‘ரசனை ஆளுக்காள் வேறுபடும், ஆதலின் காரணம் கேட்டல் வீண்’ என்பது அப்பதிலின் பின்னால் நிற்கும் வாதமாகும். பார்வைக்குச் சனநாயகம் போலத் தோன்றும் இவ்வாதம் நெருங்கி நோக்கின் நிலைகொள்ளாது. ஜேர்மனியத் தத்துவஞானியான இம்மானுவேல் கான்ற், ரசனைத் தீர்ப்பு பற்றி 1790இல் வெளியிட்ட நூலில், நாவுக்கு இனியது வேறு, அழகியது வேறு எனப் பிரித்தார். கனேரித் தீவின் மது இனிது என்பவர் ‘எனக்கு’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வது முறை. ஆனால் ஒரு கட்டடத்தையோ கவிதையையோ ‘எனக்கு மட்டும் அழகியது’ என்பவர் நகைப்புக்குரியவராவார். அழகியது என்று சொல்லும் கணத்திலேயே அவர் ஏனையோரின் இணக்கத்தைக் கோரி நிற்கின்றார் என்பது கான்றின் கருத்து. சிற்றுண்டிச்சாலை நீதிபதிகள் செய்வது யாது? ‘படம் மொக்கை’ என்கையில் உலகனைத்துக்குமாகத் தீர்ப்புச் சொல்கின்றனர். காரணம் கேட்டதும் ‘எனக்கு’ என்ற சொல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்கின்றனர்.

மேனாட்டார் வரை செல்லவேண்டியதும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்ததோடு அமையவில்லை. ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் கூறிற்று. அழுகை தோன்றுகிறதா? பிறரால் இகழப்பட்டதாலா, உற்றதை இழந்ததாலா, முன்னைய நிலையினின்றும் தாழ்ந்ததாலா, வறுமையாலா என்று கேட்கின்றது அவ்விலக்கணம். கண்ணீருக்கே களன் கேட்ட மொழியில், கொட்டாவிக்குக் களன் கேட்டல் ஆகாதோ?

இனி, அந்தக் கொட்டாவியின் பெயரான ‘இழுவை’ என்ற சொல்லைச் சிறிது உற்று நோக்குவோர்க்கு ஒரு விந்தை புலப்படும். இச்சொல் காலத்தைப் பற்றியது போலத் தோன்றுகின்றது. படம் நீண்டுவிட்டது, மெதுவாகச் செல்கின்றது என்பதே அதன் வெளிப்பொருள். ஆயின், இரண்டரை மணிநேர வர்த்தகப் படமொன்றில் கதை ஐந்து முறை முற்றாக நிறுத்தப்படுகின்றது. கதாநாயகனும் நாயகியும் கதைக்கும் காலத்துக்கும் தொடர்பற்ற ஒரு வெளிநாட்டு மலைச்சாரலில் ஆடிவிட்டு மீள்கின்றனர். சண்டைக் காட்சியில் ஓர் அடி விழுவதற்கே அரை நிமிடம் செல்கின்றது; அடிபட்டவன் காற்றில் மிதந்து, சுழன்று, தூசி பறக்க விழுகின்றான். இதனை எவரும் இழுவை என்று சொல்வதில்லை. மறுபுறத்தில், ஒரு பெண் கிணற்றடியில் வாளியை இறக்கி, நீர் நிரம்பும்வரை காத்து, தூக்கி, குடத்தில் ஊற்றுவதைக் கமெரா அசையாது நின்று பதினைந்து விநாடி காட்டினால் அரங்கில் விசில் எழும். முன்னதில் காலம் விரயமாவது உணரப்படவில்லை. பின்னதில் காலம் கடந்ததே குற்றமாகின்றது. ஆகவே ‘இழுவை’ என்பது காலத்தின் அளவன்று. பழக்கம் வாக்களித்த ஒன்று உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற முறைப்பாடே அது. பாட்டு வரவேண்டிய இடத்தில் பாட்டு வரவில்லை. அழவேண்டிய இடத்தில் வயலின் அழவில்லை. பார்வையாளன் தன் அபிப்பிராயத்தைக் கூறுவதாக எண்ணிக்கொண்டு தன் பழக்கத்தையே கூறிக்கொண்டிருக்கின்றான்.

தொலைக்காட்சித் தொடர்கள் இதற்கு மேலும் ஒரு சான்று. ஈழத்து வீடுகளிலும் விரும்பிப் பார்க்கப்பட்ட ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை 800க்கு மேற்பட்ட பகுதிகள் ஓடியது. ஒரு மாமியார் ஒரு சொல் சொன்னதும் கூடத்தில் நிற்கும் அத்தனை பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டும் கலையை இவ்வகைத் தொடர்களே செழிக்கச் செய்தன. பார்ப்போரும் அதனை இழுவை என்று அறிவர்; சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்வர்; மறுநாளும் அதே நேரத்துக்குத் தவறாது அமர்வர். பழகிய இழுவை மன்னிக்கப்படும். பழகாத மௌனம் மன்னிக்கப்படாது.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே வரலாற்றுக் கேள்வியாகும். இலங்கையின் முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தபோது அது மதுரைக் கலையகத்திலேயே உருவாக்கப்பட்டிருந்தது. சிங்களப் படங்களும் நெடுங்காலம் தென்னிந்தியப் படங்களின் நிழலிலேயே நடந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்துச் சூரிய ஒளியில் எடுத்தார். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அது காண்பிக்கப்பட்டது. உள்நாட்டு வசூலிலோ தோல்வியே கண்டது. எனினும் ‘ஓடாத படம்’ என்பதோடு விடயம் முடிந்துவிடவில்லை. அவரது ‘கம்பெரலிய’ 1963இல் வெளியாகி, 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. முதல் தோல்வி ஏன் நேர்ந்தது, அப்படம் எதனைச் செய்ய முயன்றது என எழுதவும் வாதிடவும் அந்த மொழியில் ஆட்கள் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்கு அத்தகைய அவகாசம் வாய்க்கவில்லை. ‘சமுதாயம்’ 1962இல் வெளிவந்தது. கட்டடக் கலைஞரான வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ 1972இலும், வானொலி நாடகமாகப் புகழ்பெற்ற ‘கோமாளிகள்’ 1976இல் படமாகவும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இலும் திரையைக் கண்டன. இவற்றுள் குறைபாடுடையனவும் உள. தென்னிந்தியப் படங்களை அரைகுறையாகப் பின்பற்றியவையும் அக்காலப் படங்களுள் இருந்தன. அதனை மறைப்பதால் எவர்க்கும் பயனில்லை. ஆனால் 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’ வேறு வகையினது. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ அதனை நெறிப்படுத்தினார். எழுத்துப் பணியில் காவலூர் இராஜதுரை உடன் நின்றார். சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மூச்சை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை உரக்கப் பேசும் வசனங்களால் அன்றி, வீட்டின் வெளிகளாலும் மனிதரின் மௌனத்தாலும் சொல்ல முயன்ற படம் அது. திரையரங்குகளில் அது வெற்றிபெறவில்லை. தம் வீட்டு முற்றத்தையே திரையில் காட்டிய படத்தை, சென்னைக் கலையகத்து அட்டை மாளிகைகளைக் கண்டு பழகிய கண்கள் அந்நியமெனக் கண்டன. இதைவிடக் கசப்பான முரண் ஈழத்துக் கலைவரலாற்றில் அரிது. இன்று திரைப்படம் பயில்வோர் அப்படத்தை மீண்டும் மீண்டும் நாடுகின்றனர். 2018 சனவரியில் பத்திராஜ மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளிற் பாதி 1978ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருப்பின், அவர் இரண்டாவது தமிழ்ப் படமொன்றையும் எடுத்திருக்கக்கூடும் என்று எண்ணாதிருத்தல் இயலாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ‘பாமர மக்கள் களைப்பாறப் படம் பார்க்கின்றனர்; அவர்களிடம் காரணம் கேட்பது படித்தவரின் மேட்டிமை’ என்பர். இதைச் சொல்வோர் பாமர மக்களை அறியாதவர்கள். மட்டக்களப்புக் கிராமமொன்றில் வட்டக்களரியைச் சுற்றி விடியுமட்டும் அமர்ந்து கூத்துப் பார்த்தவர்கள் எவரினும் கண்டிப்பான விமர்சகர்கள். வரவின்போது அரசனின் கால் தாளத்தினின்றும் அரை மாத்திரை பிசகினாலும் கிழவியொருத்தி அதைக் கண்டு சொல்லிவிடுவாள். மத்தளக்காரர் எங்கே அவசரப்பட்டார், அண்ணாவியார் எந்தப் பாட்டை விழுங்கினார், வடமோடிக்குள் தென்மோடி எவ்விடத்தில் புகுந்தது என்பன அடுத்த நாள் வயலிலும் வாடியிலும் பேசப்படும். அவையும் போகிறபோக்கில் சொல்லப்பட்ட அபிப்பிராயங்களே. எழுதப்படாதவை, பட்டம் பெறாதவர் வாய்மொழிகள். ஆயினும் அவற்றுக்குக் களன் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துகளை நகர மேடைக்குக் கொணர்ந்தபோது அவர் தேடிச் சென்ற அறிவு அந்தக் களரியில்தான் இருந்தது. காரணம் சொல்லும் ஆற்றல் மக்களிடம் இல்லாதிருக்கவில்லை. மூன்று தலைமுறைகளாக இருட்டரங்கில் அமரவைக்கப்பட்டு, காரணம் தேவையில்லை என்று பழக்கப்பட்டதே நேர்ந்தது. (அதே மாணவன் முரளிதரனின் பந்துவீச்சைப் பற்றிப் பேசுகையில் மணிக்கட்டு, பந்தின் திருப்பம், ஆடுகளத்தின் வெடிப்பு என அரை மணிநேரம் ஆதாரம் அடுக்குவான். காரணம் சொல்ல அறியாதவன் அல்லன் அவன்.)

விரிவுரையாளர் சிலரும் இப்பழியில் பங்குடையர். சங்க இலக்கியத்துக்கு உரை வேறுபாடு காட்டுவதில் ஓராண்டைச் செலவிடும் துறைகள், தம் மாணவர் வாரந்தோறும் பத்து மணிநேரம் காணும் கலையைப் பற்றி ஒரு மணிநேரமும் பேசுவதில்லை. சினிமா ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று அவர்கள் ஒதுக்குவதும், ‘சும்மா பொழுதுபோகப் பாத்தது’ என்று மாணவன் நழுவுவதும் ஒரே கூற்றின் இரு குரல்கள். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகை நிலையம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் அவர் காட்டினார். கோயில் வீதியில் நிற்கும் இடம் சாதியால் வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. அக்கூரையின் கீழ் நிகழ்ந்ததைச் ‘சும்மா’ என்ற சொல்லால் மூடிவிடலாமா?

இணையம் வந்தபின் ஒவ்வொருவரும் விமர்சகராகிவிட்டனர் என்று மகிழ்வோர் உளர். கருத்துரைப்போர் தொகை பெருகியது உண்மை. கருத்தை அளக்கும் கோலோ குறுகிக்கொண்டே வந்துள்ளது. நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017இல் ஐந்து நட்சத்திர அளவையைக் கைவிட்டுப் பெருவிரலை உயர்த்துதல், தாழ்த்துதல் என்ற இரண்டே குறிகளுக்கு இறங்கியது. யூரியூப் 2021இல் தாழ்த்திய விரல்களின் எண்ணிக்கையையும் பொதுப் பார்வையினின்று மறைத்துவிட்டது. ரொட்டன் டொமாட்டோஸ் தளத்தின் சதவீதத்தை மதிப்பெண் எனப் பலர் கருதுகின்றனர். அது மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர் படத்தைச் சாதகமாக நோக்கினர் என்ற விகிதம் மாத்திரமே. நூறு பேரும் ‘பரவாயில்லை’ என்று முணுமுணுத்த படம் 100 பெறும். தொண்ணூறு பேர் கொண்டாடிப் பத்துப்பேர் வெறுத்த படம் 90 பெறும். சர்ச்சையை எழுப்பும் படைப்பு இவ்வளவையில் எப்போதும் தோற்கும். ஒருவரையும் உறுத்தாத படைப்பு வெல்லும். முகநூலில் ‘89 வீதமாம், கட்டாயம் பாருங்கோ’ என்று பகிர்பவர் எதனைப் பகிர்கின்றார் என்பதைத் தாமும் அறியார்.

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய பேச்சில் நிலைமை சற்று விசித்திரமானது. விளையாடுபவன் சினிமா பார்ப்பவனைவிடச் சிறந்த விமர்சகன் என்றே கூறவேண்டும். முப்பது மணிநேரம் கைவிரல்களால் உழைத்த பின்னரே அவன் பேசுகின்றான். கட்டுப்பாடு தாமதிக்கின்றதா, எந்த ஆயுதம் ஏனையவற்றைப் பயனற்றதாக்குகின்றது, வரைபடத்தின் எந்த மூலை நியாயமற்றது என்று துல்லியமாகச் சொல்வான். அமெரிக்க விமர்சகர் றொஜர் ஈபேர்ட் 2010இல் வீடியோ விளையாட்டுகள் ஒருபோதும் கலையாகா என்று எழுதியபோது, ஆயிரக்கணக்கான விளையாட்டாளர் எதிர்வாதம் எழுதினர். அவர்களது கேள்வி எளிது: விளையாடாமலே எவ்வாறு தீர்ப்புச் சொல்லலாம்? அவ்வாண்டிலேயே ஈபேர்ட், விளையாடிப் பாராத ஒன்றைப் பற்றித் தாம் பேசாதிருந்திருக்க வேண்டும் என ஒப்புக்கொண்டார்.

எனினும் இத்துல்லியம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றது. விளையாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்பவன், அது என்ன சொல்கின்றது என்று கேட்பதில்லை. 2009வரை போருக்குள் வாழ்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பப்ஜி ஆடுகின்றனர். வெறுமையான வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கி பொறுக்குகின்றனர். அவ்வீடுகளில் வசித்தோர் எங்கே போயினர் என்ற கேள்வி அந்த விளையாட்டில் இல்லை. அதை வடபுலத்து இளைஞனும் கேட்காது ‘கிராபிக்ஸ் திறம்’ என்று மட்டும் சொல்வது வியப்புக்குரியது. சரயேவோ முற்றுகையை மனங்கொண்டு போலந்து நாட்டவர் 2014இல் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்ற விளையாட்டை உருவாக்கினர். அதில் ஆடுபவன் போர்வீரனல்லன். முற்றுகையிடப்பட்ட நகரின் உடைந்த வீட்டில் ஒதுங்கிய பொதுமகன். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. இரவில் உணவும் மருந்தும் தேடவேண்டும். ஒரு முதிய தம்பதியின் வீட்டில் மருந்து இருக்கின்றது. எடுத்தால் நோயாளி பிழைப்பான், ஆனால் எடுத்தவன் மனமுடைந்து போவான். 2020இல் போலந்து அரசு இதனைப் பாடசாலை மாணவர்க்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு இவ்விளையாட்டைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கவேண்டும். ‘அடிபாடு இல்லை, சரியான இழுவை’ என்பதற்கு அப்பால் எவ்வளவோ.

இழிப்பது மட்டுமே குற்றமன்று. புகழ்ச்சியும் அதே நோயின் மறுமுகமாகும். அண்மைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் குறும்படங்கள் ஏராளமாக எடுக்கப்படுகின்றன. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடைபெறத் தொடங்கியது. ஒரு குறும்படம் திரையிடப்பட்டதும் எழும் குரல்கள் யாவை? ‘சூப்பர்’, ‘எங்கடை பெடியளின்ரை படம், ஆதரவு குடுங்கோ’. படத்தில் வரும் பாத்திரங்கள் யாழ்ப்பாணத் தெருவில் நின்று சென்னைத் தமிழ் பேசுவதை எவரும் சுட்டுவதில்லை. பின்னணி இசை முதல் நிமிடத்திலிருந்தே பார்வையாளனின் கையைப் பிடித்து அழ இழுப்பதையும் சொல்வதில்லை. தருமமாக வழங்கப்படும் கைதட்டல், இளம் நெறியாளனை அவனது முதற் படத்திலேயே நிறுத்திவைக்கின்றது. இரண்டாவது படத்துக்கு அவனுக்கு வேண்டுவது, பதினோராவது நிமிடத்தில் கமெரா ஏன் அசைந்தது என்று கேட்கும் ஒருவனேயாவான்.

1983 ஜூலை வன்செயல்களில் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் எரிந்து போயின. ‘பொன்மணி’ போன்ற சில தப்பின. எரிந்துபோன படமொன்றைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்படும் மாணவனுக்கு இன்று கிடைப்பவை சில நிழற்படங்கள், பத்திரிகை விளம்பரத் துண்டுகள், படத்தைப் பார்த்த முதியோரின் நினைவு என்பனவே. அம்முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டால், ராஜாவிலா வின்சரிலா பார்த்தது, உடன் வந்தவர் யார், மழை பெய்ததா என்பதெல்லாம் நினைவில் இருக்கின்றன. படம் எப்படி என்று கேட்டால் ‘நல்ல படம்தான்’ என்கின்றார் ஒருவர். ‘ஓடேல்லைத் தம்பி, கொஞ்சம் இழுவை’ என்கின்றார் மற்றவர். எந்தக் காட்சி இழுத்தது, அதில் யார் நின்றார், என்ன பேசினார், அரங்கு எவ்விடத்தில் சிரித்தது என்று அடுத்துக் கேட்டால் இருவரும் சற்று யோசித்துவிட்டு, அதே சொல்லையே மீண்டும் சொல்கின்றனர்.